துவைக்கக் கூடாத துணி

என் தம்பி மனைவியைப் பற்றிச் சொல்கிறேன். அவளைக் கறையம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெரிய இயந்திரங்கள் அவை பாட்டுக்குச் சுற்றும். அவற்றில் போட்டும் போகாத கறை இவளிடம் வரும். மூலையில் ஒரு சிமெண்டுத் தொட்டி, தேய்ந்துபோன பிரஷ், வரிசையாகப் புட்டிகள். அதுதான் அவள் ராஜ்ஜியம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், எண்ணெய்க்கு வெந்நீர், துருவுக்கு எலுமிச்சை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் யாராவது ரத்தக் கறைமேல் வெந்நீரை ஊற்றிவிட்டால், “போச்சு, துணிக்கும் கறைக்கும் கல்யாணம் பண்ணி வச்சிட்டே. இனி நான் எங்க போய்ப் பிரிச்சு வைக்கிறது?” என்பாள்.

என் தம்பி லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தான். பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டான். நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரு வீட்டில் இருந்தால் சுவர் தாங்காது என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். எங்களுக்குள் சண்டை இருந்ததுதான். ஆனால் அவன் போன பிறகு சண்டை போட எங்களுக்கு வேறு ஆள் இல்லை. அதனால் சேர்ந்தே இருந்துவிட்டோம்.

சனிக்கிழமை மதியம் எங்கள் மாதா கோயில் துணிகளைத் துவைப்பதும் அவள்தான். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பூசையில் திராட்சை ரசக் கிண்ணத்தைத் துடைத்த துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். அந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். அதில் இயேசுவின் திரு இரத்தம் ஒரு துளி கலந்திருக்கலாம் என்பது எங்கள் விசுவாசம். கொல்லையில் ஒரு செடியின் அடியில் ஊற்றிவிட்டு, கால் பட்டுவிடாமல் சுற்றிக்கொண்டு வருவாள். அவசர வேலையாக இருந்தாலும் அந்தச் சுற்றை அவள் சுற்றாமல் விட்டதே இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே பிள்ளை. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுக் குருமடத்துக்குப் போகிறேன், சாமியாராகப் போகிறேன் என்றான். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. பக்கத்துத் தெரு ரொட்டிக்கடைக்காரம்மாவின் மகனும் அதே வருடம் சேர்ந்தான். இரண்டு பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இரண்டு தாய்மாரும் பஸ் மறைந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

குருமடத்துக்கு ஒரு அதிபர் உண்டு. அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். எந்தப் பிள்ளைக்குக் குருவாகத் தகுதி உண்டு, எந்தப் பிள்ளைக்கு இல்லை என்று ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, சொல்கிறவர் அவர். அவருக்குப் பிடிக்காவிட்டால், உனக்கு இறையழைத்தல் இல்லை, கடவுள் உன்னைக் கூப்பிடவில்லை என்று பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஏன் என்று கேட்க ஆளில்லை. அந்த அதிபர் ஒருமுறை எங்கள் வீட்டுக்கே வந்தார். உங்கள் மகனை என் அறைக்கு உதவியாளாக வைத்திருக்கிறேன், நல்ல பிள்ளை என்றார். கறையம்மா அவர் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு வாரம் யாரையும் உட்கார விடவில்லை. நான் வேண்டுமென்றே உட்கார்ந்தேன். அதற்கும் ஒரு சண்டை.

நடுவில் ரொட்டிக்கடைப் பையன் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். குருமடத்திலிருந்து ஒரு பையன் திரும்பி வந்தால் எங்கள் ஜனங்கள் என்ன நடந்தது என்று கேட்க மாட்டார்கள். என்ன தப்புப் பண்ணினானோ என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். திருட்டு என்றார்கள், பெண் விவகாரம் என்றார்கள். ரொட்டிக்கடைக்காரம்மா பூசையில் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போனாள். கறையம்மா அவளிடம் ரொட்டி வாங்குவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அதற்கு அடுத்த விடுமுறையில் இவள் பிள்ளையும் வாய் திறந்தான். “அம்மா, நான் திரும்பிப் போகல.” ஏன் என்று கேட்டால் பிடிக்கவில்லை என்றான், அதற்குமேல் பேச்சில்லை. சாதாரண வீட்டில் என்றால் அடுத்த கேள்வி வந்திருக்கும். எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே வேறு மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பீடத்தை நெருங்குகிற பிள்ளைக்குத் தயக்கம் வந்தால் அது சாத்தானுடைய சோதனை. அதைக் கேள்வி கேட்கக் கூடாது, ஜெபம் பண்ணி விரட்ட வேண்டும். அவளும் அதைத்தான் செய்தாள். பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் முழங்காலில் நிறுத்தினாள். அவனுடைய வெள்ளை அங்கிக்குக் கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்து இஸ்திரி போட்டாள். தன் கையாலேயே அவனைத் திரும்ப பஸ் ஏற்றினாள்.

பிறகு குருப்பட்டம். பெரிய கோயில், ஜனங்கள் வெளிவாசல் வரைக்கும். அந்தப் பூசையில் ஒரு சடங்கு உண்டு. ஆயர் எல்லோர் முன்னாலும், இவர் தகுதியுள்ளவர் என்று உமக்குத் தெரியுமா என்று கேட்பார். குருமடத்தில் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தவர், விசாரித்தோம், தகுதியுள்ளவர் என்று சாட்சி சொல்கிறேன் என்பார். உடனே ஜனங்கள் இறைவனுக்கு நன்றி என்று கை தட்டுவார்கள். அன்று சாட்சி சொன்னவர் அந்த அதிபர்.

அப்புறம் பிள்ளையின் உள்ளங்கைகளில் பரிசுத்த தைலம் பூசி, ஒரு வெள்ளைத் துணியால் ஆயரே இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினார். பூசை முடிந்ததும் அந்தத் துணியைத் தாயிடம் கொடுப்பது முறை. ஆயர் கறையம்மாவைக் கூப்பிட்டுக் கையில் வைத்தார். “இதைத் துவைக்காதீங்கம்மா. உங்களைப் புதைக்கும்போது உங்க கையில இதைக் கட்டுவாங்க. மேல போனதும், என்ன கொண்டுவந்தேன்னு இயேசு கேட்டா, ஒரு குருவைக் கொடுத்தேன்னு இதைக் காட்டுங்க.”

வாழ்நாளெல்லாம் துணி துவைத்தவளிடம், துவைக்காதே என்று சொல்லிக் கொடுத்த ஒரே துணி அது. ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுவிக் காயவைத்து அதற்குள் வைத்தாள். தைல வாசனை போய்விடும் என்று மூடியைக்கூட அதிகம் திறக்க மாட்டாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் டப்பாவைத்தான் காட்டுவாள். “அண்ணி, எனக்கு பாஸ்போர்ட் வந்திருச்சு. நீங்க இன்னும் லைன்லதான் நிக்கறீங்க” என்று என்னைச் சீண்டுவாள்.

சில வருடம் போனது. ஆயர் எங்கள் பிள்ளையை அந்தக் குருமடத்துக்கே பாடம் நடத்த அனுப்பினார். அதிபர் இன்னும் அவரேதான். போன கொஞ்ச நாளிலேயே, அதிபர் அறை வாசலில் ஒரு மாணவன் நிற்பதைப் பார்த்திருக்கிறான். கதவைத் தட்டவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை, சும்மா நிற்கிறான். அந்த நிற்பு எங்கள் பிள்ளைக்குத் தெரியும். அந்த இடத்தில் அப்படி நின்றவன்தானே அவனும். உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார் என்பதும் அவனுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் மறுநாள் அழைத்தல் இல்லாமல் போய்விடும் என்பதும் தெரியும்.

பிள்ளை நேராக ஆயரிடம் போனான், எல்லாவற்றையும் சொன்னான். ஆயர் கட்டிப்பிடித்துக்கொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஜெபம் பண்ணு என்றாராம். அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். அதிபரை முதன்மைக் குருவாக ஆக்கப் போகிறேன் என்று அறிவித்தார். ஆயருக்கு அடுத்த இடம். மறைமாவட்டத்துச் சாமியார்கள் எல்லோரும் அந்த ஆளுக்குக் கீழே. எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஓய்வு தேவை, தியான இல்லத்துக்குப் போ என்று உத்தரவு. அவன் பெட்டி கட்டுவதற்குள், சின்னச் சாமிக்கு மூளை சரியில்லையாம் என்று பேச்சு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது.

அவன் தியான இல்லத்துக்குப் போகவில்லை, வீட்டுக்கு வந்தான். சமையலறையில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னான். பாதி வார்த்தையை என்னைப் பார்த்துத்தான் சொன்னான், தாய் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.  கடைசியில் கறையம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அன்னிக்குத் திரும்பிப் போகலன்னு சொன்னியே. இதுக்காகவா?”

“ஆமாம்மா.”

அவன் டீ குடித்த டம்ளரை எடுத்துக் கழுவினாள். கழுவிய டம்ளரை மறுபடியும் கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டுக்கொண்டே பின்னாலேயே போனேன். நேராக ரொட்டிக்கடை. கடையில் ஆள்கள் நின்றிருந்தார்கள். அதையெல்லாம் அவள் பார்க்கவில்லை.

“உன் பையனைப் பத்தி நான் தப்பா நினைச்சிருந்தேன். என்னை ரெண்டு வார்த்தை திட்டிடு.”

ரொட்டிக்கடைக்காரம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். “ரெண்டு வார்த்தையா? வருஷக்கணக்கா சேர்த்து வச்சிருக்கேன், இன்னிக்கு ஒரு நாள்ல தீராது. முதல்ல உள்ள வா.”

மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் மிச்சத்தைத் தெரிந்துகொண்டோம். அவள் பையன் பெட்டியோடு வந்த அந்த வாரமே தாயும் மகனும் ஆயரிடம் போயிருக்கிறார்கள். நடந்தது அத்தனையும் சொல்லியிருக்கிறார்கள். அழைத்தல் இல்லாத ஏமாற்றத்தில் பையன் பேசுகிறான், இதை வெளியே சொன்னால் பாவம் என்று அனுப்பிவிட்டார். அப்படியென்றால் கணக்கு என்ன? எங்கள் பிள்ளைக்குப் பட்டம் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆயருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த ஆளைச் சாட்சிக்கு நிறுத்தினார்.

நானும் கறையம்மாவும் ஆயர் இல்லத்துக்குப் போனோம். ஆயரை நாங்கள் ஆண்டவரே என்றுதான் கூப்பிடுவோம். கடவுளையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். முதல் தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. வரவேற்பறையில் பளபளவென்று மெழுகு போட்ட தரை. சுவர் முழுக்கப் பழைய ஆயர்களின் படங்கள், எல்லோரும் நம்மையே பார்க்கிற மாதிரி. ஆயர் நன்றாகத்தான் பேசினார். டீ வரவழைத்தார், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். விஷயத்துக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. அதிபரிடம் ஒரு பலவீனம் இருந்தது, அறிவுரை சொல்லியிருக்கிறேன், இப்போது திருந்திவிட்டார் என்றார்.

அப்புறம் சொன்னார், “ஒண்ணு யோசிச்சுப் பாருங்கம்மா. எல்லாம் மீசை முளைச்ச ஆளுங்க. குழந்தைங்க இல்ல. வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?”

எனக்குப் பொறுக்கவில்லை. “வேண்டாம்னு சொன்னவனைத்தான் பெட்டியோட அனுப்பிட்டீங்களே” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கறையம்மா டீயைத் தொடாமல் தள்ளி வைத்தாள். “என் பிள்ளை தகுதியானவனான்னு பீடத்துல நின்னு யாருகிட்ட கேட்டீங்க, ஆண்டவரே?”

  அவரிடம் அவள் கேட்ட பரிகாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஆளைப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஜனங்கள் முன்னால், எனக்கு முன்பே தெரியும், நான் மறைத்தேன் என்று ஆயர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மாலை போட்டு மேளம் கொட்டிச் சொல்லச் சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம்.

ஆயர் திருச்சபையின் பெயர் என்றார், மேலிடம் என்றார், காலம் எடுக்கும் என்றார். எழுந்து கதவு வரைக்கும் வந்தார். அவள் தோளில் கை வைத்துச் சொன்னார், “நீங்க ஒரு குருவோட தாய். அந்தத் துணி உங்ககிட்ட இருக்கு. அதுல கறை படாம பாத்துக்கோங்கம்மா.”

யாரிடம் போய்க் கறையைப் பற்றிப் பேசுகிறார் பாருங்கள்.

 மகன் வேறு சில சாமியார்களைப் பார்த்துப் பேசினான். பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை. மீதிப் பேர் எங்களுக்கும் தெரியும், ஆனால் எங்கள் பெயர் வரக் கூடாது என்றார்கள். அதிபர் பதவியேற்கும் பூசைக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய கோயில் முற்றத்தில் பவனி வரிசை கட்டிக்கொண்டிருந்தது. முன்னால் மெழுகுவர்த்தி பிடித்தவர்கள், பின்னால் வெள்ளை உடையில் சாமியார்கள், அதற்குப் பின்னால் அதிபர், கடைசியில் தொப்பியும் செங்கோலுமாக ஆயர். முற்றத்தின் ஓரத்தில், எல்லோரும் கடந்து போகிற வழியில், கை கால் கழுவுகிற குழாய் ஒன்று இருக்கிறது. கறையம்மா அங்கே அலுமினியப் பாத்திரத்தை வைத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் சோப்புக் கட்டி, ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீர். பீடத்துத் துணி ஏதோ கடைசி நேரத்தில் அழுக்காகிவிட்டது போல என்று நினைத்து ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து அந்தத் துணியை எடுத்த பிறகுதான் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. தைலம் காய்ந்து மஞ்சளாகி, மடிப்பு மடிப்பாக விறைத்துப் போயிருந்தது. அவள் வெந்நீரை ஊற்றி அதை நனைத்தாள்.

வரிசை நின்றுவிட்டது. ஆயரே அருகில் வந்தார்.

“அம்மா, என்ன பண்றீங்க? அதைத் துவைக்கக் கூடாது.”

“கறை பட்டிருக்குங்க.”

“அது கறை இல்லம்மா, பரிசுத்த தைலம்.”

“தைலத்தைச் சொல்லல ஆண்டவரே. இதைக் கட்டிவிட்ட கையைச் சொல்றேன்.”

குரலை உயர்த்தவே இல்லை அவள். சலவைக்கூடத்தில் புதிய பெண்ணுக்குச் சொல்லித் தருகிற அதே குரல். முதல் தண்ணீரைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு எழுந்தாள். இரண்டடி தள்ளிச் சாக்கடை இருந்தது. எல்லோரும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் சாக்கடையைத் தாண்டிப் போனாள். சுவர் ஓரத்து மண்ணில் ஊற்றினாள், அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். “தைலம் என்ன தப்புப் பண்ணுச்சு” என்றாள் என்னிடம். அதன் பிறகுதான் சோப்பு. அந்த அழுக்குத் தண்ணீரைத்தான் சாக்கடையில் விட்டாள்.

ரொட்டிக்கடைக்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “இவ பையனுக்குப் பட்டம் கொடுக்கறதுக்கு முன்னாடியே, அதிபர் அறைக் கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்ணினார்னு என் பையன் சொன்னான், இதே ஆண்டவர்கிட்ட. நானும் கூட நின்னேன்” என்றாள். அவள் அதைச் சொன்னது ஜனங்களிடம். ஆயர் முன்னால் பார்த்தபடி நடக்க ஆரம்பித்தார். அதிபர் கால் தடுமாறி முன்னால் போனவரின் அங்கியை மிதித்தார். உள்ளே போய் நியமனத்தை வாசித்தார்கள். இறைவனுக்கு நன்றி என்று கோயிலே அதிர வேண்டிய இடம். பாடகர் குழுவிலிருந்து ஒன்றிரண்டு குரல் வந்தது, பிறகு அதுவும் வாயை மூடிக்கொண்டது. யாரும் கை தட்டவில்லை. வெளியே துணி கோயில் கம்பிவேலியில் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் குருமடத்தில் பிள்ளை இருக்கிற வீடுகளில் எல்லாம் தாய்மார் பிள்ளைகளுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். யாரும் சாத்தானைப் பற்றிப் பேசவில்லை. என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார்கள். ரொட்டிக்கடைப் பையனும் எங்கள் பிள்ளையும் போலீசுக்குப் போனார்கள். பின்னாலேயே, அதிபர் அறை வாசலில் நின்ற அந்த மாணவனும் போனான். அதிபர் உடல்நலக் காரணத்தால் பதவி விலகினார் என்று கோயிலில் வாசித்தார்கள். பொய் சொல்லக்கூட அவர்களுக்கு உடல்நலத்தை விட்டால் வேறு வார்த்தை கிடையாது. வழக்கு நடக்கிறது. ஆயர் மட்டும் பத்திரிகைக்காரர்களிடம், எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்திருந்தால் அன்றே நடவடிக்கை எடுத்திருப்பேன் என்றார். அதே நாற்காலி, அதே தொப்பி, அதே மோதிரம். எங்கள் பிள்ளைக்கு இன்றுவரை ஒரு பங்குக் கோயில் கொடுக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறான்.

கறையம்மா அந்தத் துணியை மறுபடியும் டப்பாவில் வைக்கவில்லை. நல்ல பருத்தி, வீணாக்கக் கூடாது என்று அடுப்பங்கரையில் தொங்கவிட்டாள், சூடான பாத்திரம் இறக்க. பாஸ்போர்ட் என்னாச்சு என்று நான் ஒரு நாள் கேட்டேன். “இயேசுவுக்கு என் கையைப் பாத்தா தெரியாதா, அண்ணி?” என்றாள். ஒரு நாள்தான் அழுதாள். பிள்ளையின் பழைய அங்கியை இஸ்திரி போட எடுத்தபோது, அந்தக் கத்தி மடிப்பு இன்னும் கலையாமல் இருந்தது.

போன வருடம் நெஞ்சுவலி என்று தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுத்தாள். சாகப் போகிற நேரத்திலும் விரிப்பைத் தடவிப் பார்த்து, இது அயோடின், இதை யார் துவைத்தது என்று நர்ஸைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

அவள் போன மறுநாள் ஆயரின் செயலர் போன் செய்தார். ஒரு குருவின் தாய் என்பதால் ஆயரே வந்து அடக்கப் பூசை வைக்க விரும்புகிறார், அந்தத் துணியைத் தயாராக வைத்திருங்கள், ஆயரே கையில் கட்டுவார் என்றார்.

“தாராளமா வரட்டும்” என்றேன். “பெட்டிக்குப் பக்கத்துல நின்னு அந்த வாக்கியத்தைச் சொல்லட்டும். சொன்ன கையோட கட்டட்டும்.”

“எந்த வாக்கியம் பாட்டி?”

“அவருக்குத் தெரியும்.”

அவர் வரவில்லை. பெரிய மலர்வளையம் ஒன்று வந்தது, வாசலோடு நிறுத்திவிட்டேன். பூசை வைத்தது அவள் பிள்ளை. வெறும் கையோடுதான் புதைத்தோம். சோடாவும் சோப்பும் தின்று, ரேகையே இல்லாமல் வழவழப்பாகிப் போன கை. துணி இப்போதும் அடுப்புக்கு மேலேதான் தொங்குகிறது. இன்று காலையில்கூட அதைப் பிடித்துத்தான் பால் இறக்கினேன்.

ஆயர் பூசை வைக்க வரும்போதெல்லாம் நான் முன்வரிசையில் போய் உட்காருகிறேன். பூசை முடிந்து ஒவ்வொருவரிடமும் மோதிரத்தை முத்தமிட நீட்டிக்கொண்டு வருவார். நான் முத்தமிடுவதில்லை. “ஆண்டவரே, அந்த வாக்கியம்?” என்று கேட்கிறேன். உங்களுக்காக ஜெபிக்கிறேன் பாட்டி என்று அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். போன தடவை கோயில் வேலைக்காரர் வந்து, பாட்டி, நீங்கள் பின்னால் போய் வசதியாக உட்காருங்களேன் என்றார். எனக்குக் காது கேட்காது தம்பி, முன்னால்தான் உட்கார வேண்டும் என்றேன்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.